பியர் கேன் சிக்கன்: பனிக்கு நடுவே ஒரு கோழி எப்படி வேகிறது?

டொராண்டோ பக்கம் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பின்கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் ஊசியாய்க் குத்தும். வெளியே மைனஸ் 12 டிகிரி. அந்த நேரத்தில் முற்றத்துப் பனியை ஒதுக்கி, கரி மூட்டி, முழுக்கோழி சுடப் போகிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து போனில் பேசும் அக்கா நம்ப மாட்டாள். "அந்தக் குளிர்ல எப்படிடா வேகும்?" என்பாள் முதலில். "கோழிக்குள்ள எதுக்குடா பியர்?" என்பாள் அடுத்தபடியாக. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள். அடுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் பதில் விளங்கும். வாருங்கள், போகலாம்.

முதலில் பண்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு பியர் டின்னைத் திறந்து பாதியைக் கொட்டிவிட வேண்டும். மீதி பாதியோடு டின்னை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் முழுக்கோழியை உட்கார வைக்க வேண்டும். டின் கோழியின் வயிற்றுக்குள் போய்விடும். கோழியின் இரண்டு கால்களும் முன்னால் ஊன்றிக்கொள்ளும். இரண்டு காலும் ஒரு டின்னும் சேர்ந்தால் முக்காலி. கோழி ஆடாமல் நிற்கும். அப்படியே மூடி போட்ட கரியடுப்பில் வைத்துச் சுட வேண்டியதுதான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பார்பிக்யூ போட்டிகளில் சுற்றிக்கொண்டிருந்த இந்தப் பழக்கத்தை, ஸ்டீவன் ரைக்லன் என்ற சமையல் எழுத்தாளர் 2002-இல் இதே பெயரில் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதற்குப் பிறகு வட அமெரிக்காவில் பின்முற்றம் இருக்கிற வீடுகளில் எல்லாம் கோழி டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வேலை முந்தின நாள் இரவே தொடங்குகிறது. ஒன்றே முக்கால் கிலோ கோழி என்று வைத்துக்கொள்வோம். கழுவத் தேவையில்லை; காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். பிறகு உப்பைத் தடவ வேண்டும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் முதலில் தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள். கோழியும் அப்படித்தான் விடும். ஒரு மணி நேரத்தில் தோல்மேல் முத்து முத்தாக ஈரம் நிற்கும். அதைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள். அந்த உப்புத் தண்ணீரைக் கறி மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் உப்பு மேல்தோலோடு நிற்காமல் உள்ளேயும் இறங்கியிருக்கும். உப்பு இறங்கிய கறி சூட்டில் தன் சாற்றை அவ்வளவு எளிதில் விட்டுவிடாது.

கோழியை மூடாமல் ஃபிரிட்ஜில் வைப்பது முக்கியம். ஃபிரிட்ஜுக்குள் காற்று வறண்டது. வடகம் காய்கிற மாதிரி கோழித் தோல் அதற்குள் காயும். காலையில் விரலால் தொட்டால் வழவழப்பு போய், காகிதம் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அப்பளம் நமத்துப்போனால் பொரியுமா? அதே கதைதான் இங்கும்.

அடுத்தது அடுப்பு. நான் பயன்படுத்துவது உருண்டையான கெட்டில் கிரில். 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாகப் பிளந்து செய்த அடுப்பின் வாரிசு இது. கீழே அரை உருண்டை, மேலே மூடியாக இன்னொரு அரை உருண்டை. அடியில் காற்று உள்ளே வரத் துளைகள், மூடியில் வெளியேறத் துளைகள். இந்த அடுப்பு முழுவதுமே அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

நம் விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தீ சுணங்கினால் அம்மா என்ன செய்வார்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார். கரிக்குத் தீனி காற்று. காற்று அதிகம் போனால் சூடு ஏறும், குறைத்தால் இறங்கும். கெட்டிலில் யாரும் ஊத வேண்டியதில்லை. உள்ளே சூடான காற்று லேசானது, அதனால் மேல் துளை வழியே ஏறிப் போகிறது. போன இடத்தை நிரப்பக் கீழ்த் துளை வழியே புதுக் காற்று வருகிறது. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு கனம் அந்தக் காற்றுக்கு. அவ்வளவு வேகமாக இழுத்துக்கொள்ளும். கரிக்குக் குளிர் எதிரி இல்லை என்பதை முதல் பனிக்காலத்திலேயே தெரிந்துகொண்டேன். ஜூலையைவிட ஜனவரியில் கரி இன்னும் சுறுசுறுப்பாகவே எரிகிறது.

அப்படியானால் குளிர் எங்கே வந்து வேலையைக் கெடுக்கிறது? அடியில் ஓட்டை விழுந்த குடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் அதை வைத்தால், மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், கீழே ஒழுகிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் தண்ணீர் மட்டம் நிற்கும். அடுப்பின் சூடும் அப்படித்தான். கரி சூட்டை ஊற்றுகிறது, மெல்லிய இரும்புச் சுவர் ஒழுக விடுகிறது. ஒழுகும் வேகம் உள்ளே வெளியே இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. கோழிக்கு நமக்கு வேண்டியது சுமார் 175 டிகிரி செல்சியஸ். வெளியே 25 டிகிரி இருக்கிற கோடை நாளில் வித்தியாசம் 150. மைனஸ் 12-இல் அது 187. கணக்குப் போட்டால் ஒழுக்கு கால் பங்குதான் கூடுகிறது! அதனால் குழாயைக் கால் பங்கு அதிகமாகத் திறந்தால் போதும். நூறு கரிக்கட்டி போடும் இடத்தில் நூற்றிருபத்தைந்து. அக்காவின் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். அடுப்புக்குள் 175 டிகிரி நிற்கிறவரை, வெளியே என்ன மாதம் என்பது கோழிக்குத் தெரியவே தெரியாது.

மீதிப் பாதி காற்று. குளிரைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். சூடான காபியைச் சும்மா வைத்தால் கால் மணி நேரம் சூடாக இருக்கும். ஊதினால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு சூடான காற்றுப் போர்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊதும்போது அந்தப் போர்வையை உருவி எடுத்துவிடுகிறோம். புதுப் போர்வை உருவாவதற்குள் அதையும் உருவிவிடுகிறோம். பனிக்காற்று அடுப்பின் மூடிக்குச் செய்வது இதையேதான். அதனால் காற்று வீசும் திசை பார்த்து, வீட்டுச் சுவர் மறைப்பாக இருக்கும் இடத்தில் அடுப்பை வையுங்கள். ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம், நன்றாக இடைவெளி விட்டு. காற்று சுழன்றடிக்கும் நாளாக இருந்தால் நான் கோழியை வீட்டு ஓவனுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் அடுப்பைக் கராஜுக்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றும். கதவுதான் திறந்திருக்கிறதே என்றும் தோன்றும். செய்யாதீர்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கையில் அது ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம், எழுந்திருக்காத தூக்கம். அணைந்ததுபோல் தெரியும் கரியும் இதை விட்டுக்கொண்டிருக்கும். கரியடுப்பின் இடம் எப்போதும் வானத்துக்குக் கீழேதான்.

கரிக்குப் பதிலாகக் கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி மேலே வந்தால்தான் எரியும். ஊரில் சமையலறைச் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும். கனடாவில் பார்பிக்யூ சிலிண்டரில் புரொப்பேன் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் குளிரில் அழுத்தம் குறைகிறது. அதோடு, ஆவியாகும் திரவம் மண்பானைத் தண்ணீர்போலத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். சிலிண்டரின் வெளியே ஒரு மட்டம்வரை வெள்ளையாய் உறைபனி படர்வதைப் பார்க்கலாம். முக்கால் காலியான சிலிண்டரோடு பனிக்காலத்தில் கோழியைத் தொடங்காதீர்கள். சிலிண்டரைச் சூடுபடுத்தும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

கரியை மூட்டும் பாத்திரத்துக்குச் சிம்னி என்று பெயர். கைப்பிடி வைத்த உயரமான தகரக் குவளை. அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்து, மேலே கரியை நிரப்பிக் கொளுத்தினால், புகைக்கூண்டு மாதிரி இழுத்து அரை மணிக்குள் மேல்கரிவரை சாம்பல் பூத்துவிடும். பிறகு அதை அடுப்பில் கொட்டி இரண்டாகப் பிரித்து, இடது ஓரம் பாதி, வலது ஓரம் பாதி ஒதுக்க வேண்டும். நடுவில் கரி கூடாது. அங்கே கொழுப்பு சொட்ட ஓர் அலுமினியத் தட்டு. அதற்கு மேலே கம்பி வலை, வலைமேல் கோழி. அடுப்பின் நடுவில் கோழியும் இரு பக்கமும் தீயும் என்றால், சூடு நேராகத் தாக்காமல் மூடியில் பட்டுத் திரும்பி நாலாபுறமும் சுழலும். பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேலும் கங்கு வைக்கிறோமே, அந்த யுக்தியேதான்.

இப்போது அக்காவின் இரண்டாவது கேள்வி. பியர் எதற்கு?

பெரும்பாலானவர்கள் இதைப் புட்டுக்குழல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். கீழே பியர் கொதிக்கும், ஆவி மேலே ஏறும், கோழியை உள்ளிருந்து வேகவைக்கும், பியர் மணம் கறியில் ஏறும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புட்டுக்குடத்தில் தீ எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு நேர் கீழே. தண்ணீர்தான் முதலில் சூட்டை வாங்குகிறது, பிறகு மாவுக்குக் கொடுக்கிறது. நம் டின்னுக்குக் கீழே தீ இல்லை. கரி இரண்டு ஓரத்தில் இருக்கிறது. டின்னைச் சுற்றி இருப்பது ஒன்றே முக்கால் கிலோ ஈரமான, குளிர்ந்த கறி. வெளியே இருந்து வரும் சூடு முதலில் தோலைக் கடக்க வேண்டும், பிறகு நெஞ்சுக்கறி, எலும்பு, அதற்கும் பிறகுதான் டின். நெல் மூட்டைக்கு நடுவில் ஒரு செம்புத் தண்ணீரைப் புதைத்துவிட்டு மூட்டையை வெயிலில் வைத்த மாதிரி.

ஒருநாள் அளந்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். இங்கே டின் 355 மில்லி. அரிசி அளக்கும் கண்ணாடிக் குவளையில் பாதியை அளந்து டின்னில் ஊற்றினேன். கோழி வெந்து இறங்கியதும் தெர்மாமீட்டர் ஊசியை டின்னுக்குள் விட்டேன். பியர் கொதிநிலைக்குக் கிட்டக்கூட வரவில்லை. பிறகு டின்னில் இருந்ததை அதே குவளையில் திருப்பி ஊற்றினேன். ஏறக்குறைய முன்பு நின்ற அதே கோட்டில் வந்து நின்றது. மேலே மட்டும் மஞ்சளாக ஒரு படலம். கோழிக்கொழுப்பு டின்னுக்குள் சொட்டியிருக்கிறது. பியர் கோழிக்குள் போகவில்லை, கோழிதான் பியருக்குள் போயிருக்கிறது. யோசித்தால் இது நடந்தே தீர வேண்டிய விஷயம். கறி 74 டிகிரியில் வெந்துவிடுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் பியர் அதைவிடச் சூடாவதற்கு வழியில்லை. நல்ல ஆவி கிளம்பும் அளவுக்குப் பியர் சூடாகும்வரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி விறகாகிவிடும். அதோடு பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தானே.

பியர் செய்கிற ஒரு வேலை உண்டு, அது கெடுதல். பனிக்காலத்தில் டின்னை வாசல்படியிலோ ஃபிரிட்ஜிலோ வைத்திருந்து அப்படியே எடுத்துக் கோழிக்குள் செருகினால், உள்ளே ஐஸ்கட்டி வைத்த மாதிரிதான். உள்பக்கக் கறி, முக்கியமாகத் தொடை இடுப்போடு சேரும் இடம், வெந்து முடிய வெகுநேரம் எடுக்கும். அதனால் டின்னில் ஊற்றுவது எதுவானாலும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

டின்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது குளிர்ந்த பானம் வைக்கச் செய்த பாத்திரம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, வெளியே அச்சு மை. சமைக்கும் பாத்திரமாக நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. அதனால் என் வீட்டில் டின்னை விட்டுவிட்டு, கோழியை நிறுத்துவதற்கென்றே விற்கும் எவர்சில்வர் ஸ்டாண்டுக்கு மாறிவிட்டேன். பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம். தோலைக் கடித்த பிறகு யாரும் டின்னைத் தேடவில்லை.

பியருக்கு வேலை இல்லை என்றால் இந்தக் கோழி ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது? நிற்பதால். துவைத்த வேட்டியைத் தரையில் விரித்தால் மேல்பக்கம் காயும், அடிப்பக்கம் நமுத்துக் கிடக்கும். கொடியில் போட்டால் இருபுறமும் காற்றுப் பட்டுக் காயும். தட்டில் படுத்துக் கிடக்கும் கோழிக்கு முதுகு முழுக்கத் தன் சாற்றிலேயே ஊறும். நிற்கும் கோழிக்கு முதுகு, மார்பு, விலா எல்லாவற்றிலும் சூடான காற்று படுகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உருகி, தேங்காமல் கீழே வழிந்து போகிறது. தொடைகள் கீழே, கரியின் மட்டத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. தொடைக்கு நெஞ்சுக்கறியைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால் அதுவும் நல்லதுதான்.

தோல் சிவக்கும் கதையைத் தோசைக்கல்லில் பார்க்கலாம். மாவு ஊற்றியதும் 'சுர்' என்று சத்தம், தண்ணீர் ஓடுகிறது. அந்தச் சத்தம் அடங்குகிறவரை தோசை வெள்ளையாகவே இருக்கும். ஈரம் போனபிறகுதான் ஓரம் பொன்னிறமாகி முறுகும், அப்போதுதான் அந்த வாசனை வரும். மாவில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கைகோக்கிற வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விளக்கியதால் அவர் பெயரே அதற்கு. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது. முறுகலுக்கோ 140-ஐ ஒட்டி வேண்டும். முந்தின இரவு தோலைக் காயவைத்தது இந்த நேரத்துக்காகத்தான். மசாலாவில் அமெரிக்கர்கள் நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரை சேர்ப்பார்கள். கரியில் அது சீக்கிரம் கருகும். நான் மிளகு, சீரகம், பூண்டுப்பொடி, காஷ்மீரி மிளகாய்த்தூள், கொஞ்சம் எண்ணெய் என்று நிறுத்திக்கொள்வேன்.

இனி மூடியை மூடிவிட்டால் திறக்கக் கூடாது. இட்லி வெந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கினால் என்ன ஆகும்? இங்கே அதைவிட மோசம். மைனஸ் 12-இல் ஒரே மூச்சில் உள்ளிருந்த சூடான காற்று முழுதும் போய்விடும். மெல்லிய தகடும் நொடியில் ஆறிவிடும். குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பிடிக்கிற கதை. அதனால் வயர் வைத்த தெர்மாமீட்டர் ஊசியைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் செருகிவிட்டு, எண்ணை வெளியிலிருந்தே பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு 74 டிகிரி, அவர்கள் கணக்கில் 165 ஃபாரன்ஹீட். தொடை 80-ஐத் தொட்டால்தான் எலும்பைவிட்டுப் பிரியும் பதம் வரும். கோடையில் ஒன்றேகால் மணி நேரம் எடுத்தால், பனிக்காலத்தில் இரண்டு மணி நேரம்வரை பொறுமை வேண்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள், ஊசியை நம்புங்கள்.

இறக்கும்போது இரண்டு பேர் தேவை. ஒருவர் தடித்த கையுறையோடு கோழியைப் பிடிக்க, இன்னொருவர் இடுக்கியால் டின்னின் அடியைப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது கொதிக்காவிட்டாலும், கொழுப்பு மிதக்கும் சூடான திரவம். சாய்ந்தால் கை வெந்துபோகும். அடுப்பிலிருந்து கதவுவரை வழியில் பனியை முன்பே சுரண்டி உப்புப் போட்டு வைத்திருக்க வேண்டும். கோழியை ஏந்திக்கொண்டு வழுக்கிவிழும் இடம் அதுதான். தட்டையும் வெந்நீரில் சூடுபண்ணித் துடைத்து எடுத்துப் போங்கள். உள்ளே வந்ததும் கால் மணி நேரம் சும்மா இருக்கவிட்டு, பிறகு டின்னை உருவி, வெட்டலாம்.

எல்லோரும் சாப்பிட உட்காரும் முன் நான் மறுபடி ஒருமுறை வெளியே போவேன். மேலே கீழே இரண்டு துளைகளையும் இறுக மூடிவிட்டு வருவேன். காற்று இல்லாமல் கரி தானே அணையும். மறுநாள் மூடியைத் திறந்தால் பாதி எரிந்த துண்டுகள் கறுப்பாகக் கிடக்கும். சாம்பலைத் தட்டிவிட்டு அவற்றை எடுத்துவைத்தால் அடுத்த கோழிக்கு ஆகும். சிம்னியில் புதுக் கரி கீழே, பழசு மேலே. மாற்றிப் போட்டால் சின்னத் துண்டுகள் காற்றின் வழியை அடைத்துக்கொள்ளும்.